உப்பு மூட்டையும் வியாகுல மாதாவும்

தூத்துக்குடி
20 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தங்கச்சி ஜெஸ்லினுக்கு அக்கா பிளாரன்ஸ் எழுதுவது.

அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, எனக்குக் கோபம் ஏறியிருக்கிறது. மற்றபடி வீட்டில் குறை ஒன்றுமில்லை. உன் முட்டுவலி எப்படி இருக்கிறது? உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தை வாசிக்கும் உங்கள் மடத்து மதர் அவர்களுக்கு என் தோத்திரம். இதில் சில அசிங்கமான சங்கதிகள் வரும், மதர் பொறுத்துக்கொள்ள வேண்டும். போனும் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று அடைத்து வைத்தால், மனதில் இருப்பதையெல்லாம் அதிலேதான் கொட்ட வேண்டியிருக்கிறது.

சேசுவின் பாடுகளைக் காட்டும் நம் கோயில் பாஸ்கா மரச்சொரூபங்களைப் புதுச் சமூகக்கூடத்துக்கு அடியில் நிலவறை கட்டி அதில் இறக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தேன் அல்லவா? கப்பலுக்குப் போகும் பையன்கள் எந்த நாட்டிலோ பார்த்துவிட்டு வந்து கொடுத்த யோசனை. கடலுக்கு ரெண்டு தெரு இந்தப் பக்கம், நாலடி தோண்டினால் உப்புத்தண்ணீர் ஊறும் இடத்தில் பூமிக்குள் அறை கட்டிய புத்திசாலிகள் நம் ஆட்களாகத்தான் இருப்பார்கள். நேற்று சொரூபங்களின் உடுப்புகளை வெயிலில் போடலாம் என்று இறங்கினேன். கதவைத் திறந்ததும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினேன். ஊறின சாக்கு, செத்த பல்லி, பழைய சாம்பிராணி எல்லாம் கலந்த நாற்றம். யூதாசின் அங்கியில் பச்சைப் பூஞ்சை. சீடர் ராயப்பர் மூக்கில் வெள்ளைப் பூஞ்சை. துடைத்தால் மூக்கின் சாயமும் கூடவே வருகிறது.

இதற்குக் கமிட்டித் தலைவர் சிலுவை அண்ணன் பார்த்த வைத்தியத்தைக் கேள். அவருடைய உப்பளத்திலிருந்து உப்பு மூட்டைகளைக் கொண்டுவந்து சுவரைச் சுற்றி அடுக்கியிருக்கிறார். "ஏளா, உப்பு தண்ணிய இழுக்கும்லா? ஈரம் பூரா மூட்டைக்குள்ள போயிரும், பாத்துக்கோ" என்கிறார். இழுத்திருக்கிறது. இழுத்ததையெல்லாம் அடியில் ஒழுகவிட்டுக் குளம் கட்டி நிற்கிறது. கால் வைத்தால் வழுக்குகிறது. செருப்பைச் சோப்புப் போட்டுக் கழுவியும் பிசுபிசுப்புப் போகவில்லை.

நடுவில் வியாகுல மாதா. நீ மடத்துக்குப் போனபோது வெட்டின முடிதான் இன்னும் அவர்கள் தலையில் இருக்கிறது. வாடை பிடித்திருக்கிறதே தவிர இன்னும் சேதமில்லை. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்தோறும் அம்மா அதைச் சீவிவிடுகிறாள். கண் போன பிறகு உன்னைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. மடத்துக் கம்பிக் கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உன்னையா தொட முடியும்? அடுத்த பெரிய வியாழன்வரை அந்த முடி அழுகாமல் இருக்க வேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும். நீங்கள் பூசைக்கு ஓஸ்தி அப்பம் சுட்டுக் கோயில்களுக்கு அனுப்புகிறவர்கள். ஈரத்தை அடக்குவது எப்படி என்று எழுது.

அம்மா உன் நெற்றியில் முத்தம் வைக்கச் சொன்னாள். தபாலில் எப்படி வைப்பது என்று தெரியவில்லை.

அக்கா,
பிளாரன்ஸ்


மடம்
10 செப்டம்பர் 2023

சேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

என் முட்டு என்னைவிட முன்னால் மழையை அறிந்துகொள்கிறது. மற்றபடி நலமாயிருக்கிறேன். மதர் உன் தோத்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். செத்த பல்லி வந்த இடத்தில் சிரித்தும்விட்டார்கள்.

ஓஸ்தி அறையில் எங்களுக்கும் இதே போராட்டம்தான். சுட்ட தகடு கொஞ்சம் ஈரம் வாங்கினால்தான் வெட்டும்போது நொறுங்காது. வெட்டின பிறகு ஈரம் தங்கினால் பூத்துவிடும். அதனால் சுவரில் ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று மாட்டியிருக்கிறோம். முள் ஐம்பதைத் தாண்டிக் கொஞ்சம் தள்ளி நின்றால் நிம்மதி. நீயும் ஒன்று வாங்கி மாட்டு. மூக்கை நம்பாதே, மூக்கு பழகிப்போகும்.

முதலில் உப்பை வெளியேற்று. அளத்து உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துத் தானே கரையும். கரைந்தது தரையில் கிடந்து அறையை என்றைக்கும் ஈரமாகவே வைத்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைக்காதே, கடல் காற்றோடு ஈரமும் உள்ளே வரும். சொரூபங்களைச் சுவரிலிருந்து தள்ளிப் பலகைமேல் நிறுத்து. பிளாஸ்டிக்கால் மூடாமல் பழைய பருத்தி வேட்டியால் மூடு. ஈரம் உறிஞ்சும் மிஷின் கிடைத்தால் மிகவும் நல்லது.

ராயப்பர் மூக்கை நினைத்தால்தான் கஷ்டமாக இருக்கிறது. சின்ன வயதில் அந்த மூக்கைப் பார்த்து அழுதிருக்கிறேன். அம்மாவைச் செருப்பில்லாமல் நடக்க விடாதே.

உங்கள் எல்லாருக்காகவும் வேண்டிக்கொள்ளும்,
ஜெஸ்லின்


தூத்துக்குடி
1 அக்டோபர் 2023

அன்புள்ள ஜெஸ்லின்,

அம்மா செருப்புப் போட்டு நடக்கிறாள், என்னைத் திட்டிக்கொண்டே நடக்கிறாள். ஆகவே சுகமாகத்தான் இருக்கிறாள்.

முத்துச்செல்வம் அண்ணாச்சி கடையில் சொல்லி மீட்டர் வரவழைத்தேன். மாட்டினதும் முள் எண்பத்தெட்டில் போய் ஒட்டிக்கொண்டது. கமிட்டிக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எண்பத்தெட்டு மார்க்கா? பாஸ்தான!" என்று சிலுவை அண்ணன் சிரிக்கிறார். கூட இருந்தவர்களும் சிரிக்கிறார்கள்.

உப்பை எடுங்கள் என்றேன். அங்கேதான் வந்தது வினை. மூட்டைகளை இறக்கின அன்றைக்கே பங்குச்சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்துவிட்டாராம். "நேர்ச்சையா குடுத்த உப்பை வெளிய தூக்கிப் போடச் சொல்லுதியே, நீ கோயிலுக்குப் போற வேதக்காரியாளா?" என்று கேட்கிறார். மந்திரித்த உப்பு என்று தெரிந்ததும் தெருவே திரண்டு வருகிறது. காய்ச்சல், கடன், கல்யாணத் தடை எல்லாவற்றுக்கும் ஆளுக்கு ஒரு கை உப்பு கொண்டுவந்து மாதா காலடியில் கொட்டுகிறார்கள். நான் பெருக்கி அள்ள அள்ள அவர்கள் கொட்டுகிறார்கள். தரை நசநசவென்று சேறாகிவிட்டது. அதில் கரப்பான்கள் மல்லாந்து கிடக்கின்றன. பக்தி என்ற பெயரில் இப்படி ஒரு அழுக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

என் மகன் ரெக்சன் துறைமுகத்தில் கிளியரிங் ஆபீசில் சொல்லி, பழைய ஈரம் உறிஞ்சும் மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். அன்றைக்குச் சாயங்காலமே யாரோ ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டிருக்கிறார்கள். கேட்டால், "மிஷினுக்கு மூச்சு முட்டும்லா" என்கிறார்கள். மன்னார் வளைகுடாவையே காயவைக்கிற வேலையை அந்த மிஷின் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

மாதா தலையிலேயே உன் முடியைத் துணி சுற்றி வைத்திருக்கிறேன். வாடை கூடியிருக்கிறது. மந்திரித்த உப்பை என்னதான் செய்ய வேண்டும் என்று மதரிடம் கேட்டு எழுது.

அக்கா


மடம்
22 அக்டோபர் 2023

சேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா திட்டுகிறாள் என்பதைப் போல நல்ல செய்தி வேறில்லை. எனக்கும் இந்த மாதம் வலி குறைவு.

மந்திரித்த உப்பைக் குப்பையில் போடத்தான் கூடாது. கடலில் கரைக்கலாம், அதில் அவமரியாதை ஒன்றுமில்லை. மதரும் அப்படியே சொல்கிறார்கள். பங்குச்சாமியாரை ஞாயிறு பூசையில் ஒரு வார்த்தை சொல்லச் சொல். கொட்டுகிறவர்களும் நிறுத்திவிடுவார்கள்.

மிஷின் ஓடும்போது ஜன்னல், கதவு எல்லாம் மூடியிருக்க வேண்டும். அதன் வாளி நிறைந்தால் தானே நின்றுவிடும். தினமும் கொட்ட ஓர் ஆள் வை. யூதாசின் அங்கியை வெயிலில் காட்டி, காய்ந்த பிரஷால் வெளியில் வைத்துத் தட்டு. தட்டும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்.

அம்மாவின் கண்ணுக்கு மறுபடி டாக்டரிடம் காட்டினாயா?

செபத்தோடு,
ஜெஸ்லின்


தூத்துக்குடி
19 நவம்பர் 2023

அன்புள்ள ஜெஸ்லின்,

கண்ணுக்கு இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பாக்க வேண்டியத பாத்தாச்சு" என்கிறாள்.

சாமியார் பூசையில் சொன்னார். நாங்கள் பெண்கள் சேர்ந்து உப்பை வள்ளத்தில் ஏற்றிக் கடலில் கரைத்தோம். கையெல்லாம் வெடித்து எரிந்தது. சிலுவை அண்ணன் கரையில் நின்று, தன் பிள்ளையையே கடலில் போடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். உப்பு போனதும் முள் எழுபத்தாறுக்கு இறங்கியது. ஜன்னலை மூடி மிஷினையும் ஓடவிட்டதில் அறுபத்தைந்து. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு எனக்கு வந்த காய்ச்சலில் ஒரு வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. போய்ப் பார்த்தால் மிஷின் நின்று கிடக்கிறது. வாளி நிறைய தண்ணீர், தண்ணீர் நிறைய கொசுப்புழு. தினமும் கொட்டுவதாகச் சொன்னவர்கள் ஒவ்வொருவரும் அடுத்தவர் கொட்டுவார் என்று இருந்திருக்கிறார்கள். நெளிகிற அந்த வாளியை நானே தூக்கிக்கொண்டு படியேறினேன். பாதி என் சேலையில் சிந்தியது.

மழை தொடங்கிவிட்டது. திருவருகைக்காலம் தொடங்கினால் கிறிஸ்துமஸ்வரை நீ எழுதக் கூடாது. உங்கள் ஆண்டவருக்கு இந்த மௌனத்தால் என்ன லாபம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. மதர் மன்னிக்கட்டும்.

அக்கா


தூத்துக்குடி
23 டிசம்பர் 2023

ஜெஸ்லின்,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பெய்த மழையைப் பற்றி உங்கள் சுவருக்குள்ளும் செய்தி வந்திருக்கும். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அம்மாவைக் கட்டில்மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தோம். இப்போது வடிந்துவிட்டது. அம்மாவுக்குச் சளி மட்டும்தான்.

கரண்ட் வந்த பிறகு நிலவறைக்குப் போனோம். தண்ணீர் சுவர் வழியாக வரவில்லை, தரையைப் பிளந்துகொண்டு கீழேயிருந்து வந்திருக்கிறது. இடுப்பளவு நின்று வடிந்த கறை சுவரில் தெரிகிறது. மூலையில், வேட்டி போட்டு மூடி, பத்துப் பன்னிரண்டு உப்பு மூட்டை! காலிச் சாக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது, உப்பு பூராவும் கரைந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாமல் சிலுவை அண்ணன் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். சேசு சொரூபத்தின் கை, கால் மடக்கும் கீல் எல்லாம் உப்புத்தண்ணீரில் ஊறித் துருப்பிடித்து ஒழுகுகிறது. சரிகையெல்லாம் பச்சை.

அடுத்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனால் எழுதத்தான் வேண்டும். தண்ணீர் ஏற ஏற எலிகள் மேலே ஏறியிருக்கின்றன. அங்கே உயரமாக நின்றது வியாகுல மாதா ஒருவர்தான். முக்காட்டைத் தூக்கினேன். உன் முடியைச் சுருட்டிக் கூடு வைத்து, அதில் கண் திறக்காத ரோஸ் நிறக் குஞ்சுகள். முடியெல்லாம் சிக்கும் புழுக்கையும் பூஞ்சையும். நான் கத்தின கத்தலில் மேலே நின்றவர்கள் இறங்கி ஓடிவந்தார்கள்.

இதை நீ கிறிஸ்துமஸ் முடிந்துதான் வாசிப்பாய். அதுவே நல்லது.

பிளாரன்ஸ்


மடம்
30 டிசம்பர் 2023

சேசுவில் அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் பிழைத்துக் கிடப்பதற்காக இங்கே எல்லாரும் நன்றிப் பூசை வைத்தோம். அம்மாவின் சளிக்கு ஆவி பிடிக்கச் சொல்.

சொரூபங்களை உடனே மேலே ஏற்றிவிடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், மரம் வெடிக்கும். நிழலில், காற்றாடிக்கு எதிரே மெதுவாகக் காயட்டும். உப்பு ஏறின துணிகளை நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். கீல்களைக் கழற்றித் துரு சுரண்டி எண்ணெய் விடுங்கள். இனி அந்த நிலவறை வேண்டாம். அடியிலிருந்து தண்ணீர் வரும் அறையை எந்த மிஷினாலும் காயவைக்க முடியாது.

புத்தாண்டு ஆசீர்வாதங்களோடு,
ஜெஸ்லின்


தூத்துக்குடி
14 ஜனவரி 2024

ஜெஸ்லின்,

அம்மாவுக்குச் சளி விட்டது. சொரூபங்களை மேலே ஏற்றிவிட்டோம், ஞானோபதேச வகுப்பறையில் ஜன்னலை மூடி மிஷின் ஓடுகிறது. முள் ஐம்பத்தெட்டில் நிற்கிறது. சிலுவை அண்ணன் பேசுவதில்லை, தினமும் வாளியைக் கொட்டுவது மட்டும் அவர்தான். போதுமா? உனக்கு வேண்டிய செய்தியெல்லாம் வந்துவிட்டதா?

இனி என் செய்தி. உன் முடியை நான் ஷாம்பு போட்டு அலசினேன். டெட்டால் போட்டு அலசினேன். அலச அலசக் கொத்துக்கொத்தாகக் கையோடு வருகிறது, நாற்றம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. என் விரலிலேயே அந்த நாற்றம் இருக்கிறது. சோறு பிசையும்போது வருகிறது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வருகிற தவக்காலம் முடிந்தால் பெரிய வியாழன், அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவாள். அப்போது நான் என்ன செய்ய?

உன் கடிதங்களையெல்லாம் எடுத்து வைத்துப் பார்த்தேன். ராயப்பர் மூக்கைக் கேட்டிருக்கிறாய். அங்கியைக் கேட்டிருக்கிறாய். கீலுக்கு எண்ணெய் விடச் சொல்லியிருக்கிறாய். உன் முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எலி கூடு வைத்தது என்று எழுதினேன், அதற்கும் இல்லை. ஏளா, இந்த நாற்றத்தில் முங்கி முங்கி நான் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாய்? யூதாசின் அங்கியையா? மடத்துக்குப் போனால் இரக்கமும் காய்ந்துபோகும் என்றால் அந்த மிஷினை நான் எங்கேயோ தேடியிருக்க வேண்டாம்.

பதில் எழுது. இல்லையென்றால் எழுதவே எழுதாதே.

பிளாரன்ஸ்


மடம்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகமாக இருக்கிறேன் என்று இந்த முறை எழுத முடியவில்லை. பல நாள் எழுதிக் கிழித்து எழுதுவது இது. மதர் வாசிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

மடத்தில் சேர்ந்த அன்று என் முடியில் கத்தரி விழுந்தபோது கழுத்து லேசானது. கொடுத்தாயிற்று, முடிந்தது என்று நினைத்தேன். அம்மா அதைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் பார்க்க வந்த சித்தி, "மாதா தலையில ஒன் முடி என்னமா மினுங்குது தெரியுமா? ஊர் பூரா அதத்தான் பேசுதாவ" என்றாள். நான் விட்டுவந்த உடம்பில் ஒரு துண்டை ஊரில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவிச் சீவுகிறீர்கள். பெரிய வியாழன் வந்தால் இங்கே என் தலை அரிக்கும். ஆராதனையில் முழந்தாளிட்டிருக்கும்போது யாரோ பின்னாலிருந்து தொடுவதுபோல இருக்கும். அருவருப்பு, அக்கா. வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. மாதாவின்மேலும் இல்லை, உங்கள்மேலும் இல்லை, அந்த முடியின்மேல்.

எலி கூடு வைத்ததை வாசித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. உன்னிடம் எப்படிச் சொல்ல? அம்மாவுக்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். அதைப் பிடுங்க எனக்குத் துணிவில்லை. அதனால் மூக்கைப் பற்றி எழுதினேன்.

புதன்கிழமை சாம்பல் பூசித் தவக்காலம் தொடங்குகிறது. இனி ஈஸ்டர்வரை நான் எழுத முடியாது. நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். உன் கையில் அந்த நாற்றம் ஏறினதற்காக என்னை மன்னித்துவிடு.

ஜெஸ்லின்


தூத்துக்குடி
3 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜெஸ்லின்,

ஈஸ்டர் வாழ்த்து. அம்மா நன்றாயிருக்கிறாள். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசியில் நீயே தெரிந்துகொள்வாய்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் தீர்த்தேன். ஒரே ஒரு வரி, முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தால் அந்தக் கொசுப்புழு வாளியை நான் தூக்கியிருக்க மாட்டேன். திட்டி முடித்ததும், உன்மேல் கோபம் போய் அந்த முடியின்மேல் எனக்கும் வெறுப்பு வந்தது. மிச்சமிருந்ததை ஒரு துணியில் முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் அப்பா காலடியில் புதைத்தேன்.

விஷயம் தெரிந்து சிலுவை அண்ணன் முதல்முறையாக என் வீட்டுப் படியேறி வந்தார். கையில் ஒரு கவர். குலசேகரன்பட்டினம் தசராவுக்கு வேஷம் கட்டுகிறவர்களுக்கு விற்கும் நைலான் முடி. "அம்மைக்கி கண்ணு தெரியாதுல்லா, பிளாரன்ஸு. இத வச்சிருவோம்" என்றார். பாவம், அவருக்குத் தெரிந்த பரிகாரம் அது. தொட்டுப் பார்த்தேன். பிளாஸ்டிக் சாக்கு பிரித்த மாதிரி இருந்தது. ஒரு பொய்யை அம்மா கையில் கொடுக்கிறோமே என்று நினைத்ததும் எனக்கு அந்த எலிக்கூட்டைவிட அதிகமாகக் குமட்டியது. வேண்டாம் அண்ணே என்று திருப்பி அனுப்பினேன்.

பெரிய வியாழன் மத்தியானம் அம்மாவைக் கூட்டிப் போனேன். எல்லாரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, மாதா முன்னால் உட்கார வைத்தேன். அம்மா கையை நீட்டித் தடவினாள். முக்காட்டுத் துணிக்கு அடியில் வெறும் மரம்.

"எங்களா முடி?"

"அழுகிப் போச்சும்மா. எலி கூடு வச்சிருச்சு. நாந்தான் எடுத்துப் பொதச்சேன்."

அழப்போகிறாள் என்று தோளைப் பிடித்தேன். அம்மா பெருமூச்சு விட்டாள்.

"நல்லதாப் போச்சு. ரெண்டு வருசமா என்னமா நாறிக் கெடந்துச்சு தெரியுமா? தொட்டாலே கொமட்டும். வேண்டாம்னு சொன்னா நீ வெசனப்படுவியேன்னுதான் மூச்சப் பிடிச்சிக்கிட்டு சீவுனேன்."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மரச் சொரூபத்துக்கு முன்னால் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு உன் கடிதத்தை அங்கேயே வாசித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை விடவில்லை. அருவருப்பு என்ற இடத்தில் நிறுத்தினேன். "படி" என்றாள். முடித்ததும், "நான் பெத்த பிள்ளை, என் கை பட்டதுக்கு அங்கன இருந்து நெளிஞ்சிருக்கா" என்றாள். அழுதாள். நானும் அழுதேன். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "முடி கிடக்கட்டும். எனக்கு அவ கையத் தொடணும். கேளு."

மதர் அவர்களே, இனி வருவது உங்களுக்கு. மே மாதம் இரண்டாம் ஞாயிறு நாங்கள் வருகிறோம். அம்மாவுக்குக் கண் தெரியாது. கிராதிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் அவளுக்கு வெறும் சத்தம்தான். ஊரே சேர்ந்து இத்தனை வருஷம் ஒரு செத்த முடியைக் காப்பாற்றினோம். உயிரோடு இருக்கிற கை ஒன்றைத் தொட அந்தக் கிராதியில் வழி இருந்தாக வேண்டும். உங்கள் ஒழுங்கு எனக்குத் தெரியாது. நான் கெஞ்சுகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம், சண்டைக்கு வருகிறேன் என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

பிளாரன்ஸ்


மடம்
14 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மதர் என்னிடம் தரும்போது அவர்கள் கண் சிவந்திருந்தது. இன்று காலை சாப்பாட்டு அறையில் எல்லாருக்கும் முன்னால் வைத்து, மே இரண்டாம் ஞாயிறு கிராதியின் சின்னக் கதவைத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள்.

அம்மாவிடம் ஒன்று முன்கூட்டியே சொல்லி வை. ஓஸ்தி அச்சு சுட்டுச் சுட்டு என் விரலெல்லாம் காய்த்து, தோல் உரிந்து, தொடவே அசிங்கமாக இருக்கும். தொட்டதும் கையை இழுத்துக்கொள்ளக் கூடாது.

ஜெஸ்லின்